நீலச் சட்டையும் மாமாவின் கோட்டும்

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் எப்படி? கழுத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி.

முதலில் நம் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் பெரிய மாமா மகன் காலேஜில் வாத்தியாராகிவிட்டான். வீட்டிலும் நம்மை நிற்கவைத்துப் பாடம் நடத்துகிறான். அவன் தங்கை வக்கீல் கோட்டு மாட்டிவிட்டாள். அந்த வாய்க்கு வேறு எந்த உத்தியோகம் பொருந்தும்? சின்ன மாமா மகள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினாள், அதில்தான் என் மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். நீயோ கடல் தாண்டிப் போன நர்சு. எல்லோர் படமும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வீட்டில் எத்தனை கோட்டு, எத்தனை அங்கி பார்! வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் சுவரைக் காட்டிவிடுகிறேன்.

இன்று அந்த வரிசையில் உன் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டேன்.

விசா ஆபீசில் இரண்டாம் தடவை கூப்பிட்டதைப் பற்றி மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பார். அவர் சொல்லும் அழகு தெரியாதா எனக்கு? “ஆச்சு, பரவால்ல” என்றிருப்பார். பாதி மாடியில் நின்றுபோன லிப்டிலிருந்து ஒரு கூட்டத்தையே இறக்கிவிட்டு வந்தாலும் அவருக்கு அந்த இரண்டு வார்த்தைதான். அதனால்தான் நான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் தடவை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். எங்களிடமே சொல்லவில்லையே.

நடந்தது இதுதான். உன் பெரிய மாமாவுக்கு ஒரே கவலை. “நர்சுப் பொண்ணோட புருஷன் லிப்டு மெக்கானிக்குன்னு தெரிஞ்சா, பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிட வர்றான்னு நெனைச்சுடுவாங்கம்மா” என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். யாரிடமோ கேட்டு ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி வந்தான். கை விரல் நுனி வரை வந்தது. டையை இவனே முடிச்சுப் போட்டான், மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டியது. அதோடு விட்டானா? உங்கள் கல்யாணப் படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், மாப்பிள்ளையின் நீலச் சட்டைக்கு மேல் கம்ப்யூட்டரிலேயே கோட்டும் சிவப்பு டையும் போடச் சொல்லி, அந்தப் படத்தைக் கவரில் வைத்துக் கொடுத்திருக்கிறான். பெரியவர்கள் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் மாப்பிள்ளைக்குக் கிடையாது. அப்படியே நீட்டியிருக்கிறார்.

நீ அங்கிருந்து அனுப்பிய அசல் படம் அவர்களிடம் முன்பே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாளாம். அதே படிக்கட்டு, அதே நீ, அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நான். ஒன்றில் நீலச் சட்டை, இன்னொன்றில் கறுப்புக் கோட்டு. இதில் எது உங்கள் கல்யாணம் என்று கேட்டாளாம். மாமாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாமென்று மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பேசாமல் நின்றால் திருட்டுக் கல்யாணம் என்றுதானே நினைப்பார்கள்? இன்னொரு நாள் வந்து பதில் சொல், அதுவும் சரியில்லை என்றால் விசாவை மறந்துவிடு என்று அனுப்பிவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல் பெரிய மாமா அடுத்த தடவைக்கு நாடாவை எடுத்துக்கொண்டு அளவெடுக்க வந்தான். “இந்தவாட்டி தைச்சே போட்டுடலாம் மாப்ள, தோள்ல தொங்காது” என்றான். அப்போதுதான் அவர் மெதுவாக, “வேணாம் மாமா, அந்தப் படத்தாலதான் போன தடவை போச்சு” என்றார். உன் மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்” என்று என்னைப் பார்த்தான். உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவன், அவனை என்ன சொல்வது?

நான் சொன்னேன், “கல்யாணத்துக்கு எதைப் போட்டாரோ அதையே போட்டுக்கிட்டுப் போகட்டும்.” “கிரீஸ் கறையோடவா?” என்றான். “கறையோடதான்” என்றேன். மறுநாள் காலையில் யாரையும் தொடவிடாமல் அவனே அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டான், கறை இருந்த கைப்பக்கம் உட்பட.

நானும் கூடவே போனேன், கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் ஆயிற்றே. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்திலெல்லாம் பளபளவென்று கோட்டும் பட்டும். நம் பேச்சைக் கேட்டு இந்தப் பிள்ளை இப்படி வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே அந்த அம்மா அதே இரண்டு படத்தையும் எடுத்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் நம் மொழியில் எடுத்துச் சொன்னாராம். மாப்பிள்ளை இந்தத் தடவை, “கோட்டு எங்க மாமாவோட ஆசைங்க. சட்டை என்னோடது” என்றிருக்கிறார். கல்யாணத்துக்கு ஏன் வேலைச் சட்டையில் போனாய் என்று கேட்டதற்கு, நடந்ததைச் சொல்லியிருக்கிறார். வேலையிலிருந்து நேராக வந்ததையும், மாற்றிக்கொள்ள வேண்டிய புதுச் சட்டை என் பையில் இருந்ததையும், நானும் பையும் ரிஜிஸ்டர் ஆபீஸ் லிப்டில் மாட்டிக்கொண்டதையும், கதவைத் திறந்து என்னை வெளியே எடுப்பதற்குள் உங்கள் முறை வந்து கூப்பிட்டுவிட்டதையும். நீயும் அதையே அங்கிருந்து எழுதி அனுப்பியிருந்தாயாமே! அந்த அம்மா உன் காகிதத்தைப் பார்த்தாள், இவர் சட்டைக்கைக் கறையைப் பார்த்தாள். பிறகு, அந்தப் பாட்டி இன்று எப்படி மாடிக்கு வந்தார் என்று கேட்டாளாம்.

“லிப்டுலதாங்க. நான் கூட இருந்தா மட்டும் ஏறுவாங்க” என்றாராம் இவர்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி வைத்துக்கொண்டால் விசா வந்த மாதிரிதான் என்று பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். நான் சும்மா இருப்பேனா? “எங்க வீட்டு மாப்பிள்ளை, லிப்டு மெக்கானிக்கு” என்று கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். எங்களோடு வந்து கீழே கேட்டருகிலேயே நின்றுவிட்டிருந்த உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அசல் கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டினோம், வக்கீலுக்கும் வாத்தியாருக்கும் நடுவில்.

கண்ணு, அவருக்கு வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும். கையில் கறை இருக்கிறதென்று வெட்கப்பட்டுச் சில நேரம் சாப்பிடாமல் எழுந்துவிடுவார், கவனித்துக்கொள். என்னைப் பற்றி யோசிக்காதே. கால் டாக்டர் மாடிக்கு இனிமேல் படியிலேயே ஏறிப் பழகிக்கொள்கிறேன். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை.

இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அவர் வந்து சேர்ந்ததும் சேர்ந்து நின்று புதிதாக ஒரு போட்டோ எடுங்கள். போனில் வேண்டாம், விரல் பட்டால் ஓடிவிடுகிறது. காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. சுவரில் அதற்கு ஆணி அடித்தாயிற்று. அதையும் அவர்தான் அடித்துக் கொடுத்தார், எனக்குக் கை எட்டும் உயரத்தில். சீக்கிரம் அனுப்பு.

உன்
பாட்டி