பிறந்த நாட்டுக்கு எதிராக ஒரு கோல்கீப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து கால்பந்து பார்த்தோம். இந்த நாட்டு அணியின் கோல்கீப்பர் வெளிநாட்டில் பிறந்தவன். பிறந்த நாட்டுக்கு எதிராகவே ஆடி, கடைசி பெனால்டியைத் தடுத்து ஜெயிக்க வைத்துவிட்டான்.

"தடுத்தான், நம்ம ஆளு. விட்டிருந்தா, வந்த ஊருக்கே பார்சல் பண்ணியிருப்போம்" என்றார் வேன் டிரைவர். எல்லோரும் சிரித்தோம்.

"பாவம், அவங்கப்பா யாருக்குக் கை தட்டியிருப்பாரு?" என்றார் இஸ்திரி போடும் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கப்பாவா இருந்தா?" என்று கேட்டார்.

"எங்கப்பா டிவியை அணைச்சிட்டு எழுந்து போயிருப்பாரு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே விரிப்பை மூன்று தரம் மடித்தேன். அறைக்கு வந்தும் ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பீரோவில் என் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். நகலெடுத்து அனுப்புங்கள். அவசரமில்லை, ஆனால் இந்த வாரமே அனுப்பினால் நல்லது. கூடவே உங்கள் பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள், அறையில் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

சான்றிதழ் எதற்கென்று கேட்பீர்கள். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கிடைத்தால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நீங்கள் சரியென்றால் நிம்மதியாகப் போடுவேன். வேண்டாமென்றாலும் போட்டுவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால்தான் போனில் கேட்கவில்லை, அப்பா.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்