நான்காவது கட்டம்

உன் நீலச் சாக்பீஸ் இன்று காலை என் விரலிலேயே கரைந்து முடிந்தது. மேசை இழுப்பறையில் நீ விட்டுப்போன கடைசித் துண்டு. கையை முகர்ந்து பார்த்தேன். நீ ஓயாமல் மெல்லும் ஏலக்காய் வாசனை அதில் இன்னும் இருந்தது. கழுவ மனம் வரவில்லை.

நம் செந்துறைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு உனக்கு, இரண்டாம் வகுப்பு எனக்கு, நடுவில் ஒரு தட்டி. நீ தரையில் நான்கு கட்டம் போடுவாய். யார், எங்கே, என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது. கதை நகர நகர ஒரு பிள்ளை கட்டம் மாறி நிற்க வேண்டும். என் பிள்ளைகள் தட்டிக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

உன் வகுப்புப் பவித்ரா மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். "பகல்ல கதை சொன்னா வழியில போறவங்க வழி தவறிடுவாங்க டீச்சர். எங்கப்பா லாரியில போயிருக்காரு." நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "அப்ப முடிக்கும்போது எல்லாரையும் கூப்ட்டு வூட்ல சேத்துடுவோம்" என்றாய். அதன்பின் உன் கதைகளெல்லாம் நான்காவது கட்டத்தில் ஒரே கூச்சலாக முடிந்தன: "எல்லாரும் வூடு வந்து சேந்தாச்சு!"

நீ கடைசியாகச் சொன்னது முந்திரிக்காட்டில் தொலைந்த செல்லியின் கதை. அக்கா அவளைக் கூட்டிவரப் போகிறாள். அக்கா முன்னால் நடக்க வேண்டும், செல்லி பின்னால் வருவாள். வீடு சேரும்வரை திரும்பிப் பார்த்தால் செல்லி அங்கேயே நின்றுவிடுவாள். பவித்ரா மூன்றாவது கட்டத்தில் நின்றாள். "பின்னால கேட்ட காலடி சத்தம் நின்னுபோச்சு" என்றாய். மணி அடித்தது. "மீதி நாளைக்கு."

அன்று சாயங்காலம் அரியலூர் ரோட்டு வளைவில் உன் ஸ்கூட்டி சறுக்கியது. நீ வீடு போய்ச் சேரவில்லை.

உன் வகுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். பவித்ரா மூன்றாவது கட்டத்தில் போய் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, சோறும் இறங்கவில்லை. "கதை பாதியில நிக்குது டீச்சர். அதான் எங்க டீச்சர் இன்னும் வழியிலயே நிக்கிறாங்க. எங்கப்பாவும் லோடு ஏத்திட்டுப் போனவரு வரல." முடிவு என்னவென்று நீ என்னிடமும் சொன்னதில்லை.

வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி தொடங்கினேன். அக்கா திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பவித்ரா மெதுவாக நான்காவது கட்டத்துக்குள் கால் வைத்தாள். பிள்ளைகள் கத்தினார்கள்: "எல்லாரும் வூடு வந்து சேந்தாச்சு!"

கூச்சல் அடங்கியதும் வெளியே ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பிள்ளைகளெல்லாம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். ஏலக்காய் வாசனை வந்தது.

"திரும்பாதீங்க டீச்சர்" என்றாள் பவித்ரா, மெல்லிய குரலில். "இப்பதான் உள்ள வராங்க."

உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கழுத்து வலித்தது. ஆனால் திரும்பவில்லை. அன்று பள்ளி விட்டபோது பவித்ராவின் அப்பா லாரியை வாசலிலேயே நிறுத்தி அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாளையிலிருந்து வெள்ளைச் சாக்பீஸில்தான் கட்டம் போட வேண்டும். இன்றும் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் கதை சொல்கிறேன். நீ வந்துவிட்டாயா என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.