மணலில் ஓடுகிற தேவனுக்கு

லாபு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தேவனுக்கு,

ஷங்கரின் அம்மா பஞ்சாலை எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் பாதம் தோலுரிந்து கிடக்கிற படத்தை ரோகினி போனில் காட்டினாள். ஓடுகிறவர்களுக்கு வரும் கடிதங்களைச் சாயங்காலம் கூடாரத்துக்கே கொண்டுவந்து தருகிறார்களாமே. மற்றவர்கள் சபாஷ் என்று எழுதியிருப்பார்கள். இதை உட்கார்ந்து படி. நான் சொல்லச் சொல்ல ரோகினிதான் போனில் தட்டுகிறாள். சில வார்த்தைகளைக் குறைக்கச் சொன்னாள். பெற்ற மகளானாலும் முடியாது என்றுவிட்டேன்.

இங்கே எங்கும் உன் பேச்சுத்தான். செத்துப்போன கூட்டாளி ஷங்கர் பெயரில் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்காக நீ மொரோக்கோ பாலைவனத்தில் நாள் கணக்காக ஓடுகிறாய் என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். உன் கொப்புளத்தைப் பார்த்து ஜனங்கள் பணம் போடுகிறார்கள். வேலை மேய்க்கிற மண்டோர் நல்லசாமிகூடப் போட்டார், அவர் கையிலிருந்து காசு வருவது லேசில்லை. பிள்ளைகளுக்கு நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை.

போன வாரம் ஷங்கரை வெட்டிய ரூபனின் தம்பி ஆட்களோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். பட்டப்பகல். எங்கள் நாயின் கழுத்தை அறுத்துக் கேட்டில் தொங்கவிட்டார்கள். "கேசு கீசுன்னு கோர்ட்டு பக்கம் போன, அடுத்தது ஒம்மவதான் லா" என்றான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் அலறியது கடைசி வீடு வரைக்கும் கேட்டதாம். என் கையும் வெந்துபோனது. ரோகினி தட்டுவது அதனால்தான்.

நீ திரும்புகிற வாரம் சிரம்பான் கோர்ட்டில் வழக்கு தொடங்குகிறது. ஷங்கரை வெட்டியதைக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாவிட்டால் ரூபனை விட்டுவிடுவார்கள் என்று அரசாங்க வக்கீலம்மா சொல்லிவிட்டார். பார்த்தவன் நீ ஒருத்தன்தான். கருமாதி அன்று என் காலைப் பிடித்துக்கொண்டு நீதானே சொன்னாய். பிள்ளைகளுக்குப் போதைத் தூள் விற்காதே என்று ஷங்கர் திடலில் வைத்து ரூபனை அறைந்ததையும், ரூபன் பாராங் கத்தியை உருவியதையும், ஷங்கர் கையால் தடுத்தபோது விரல்கள் துண்டாகிப் புல்லில் விழுந்ததையும், அடுத்த வெட்டு கழுத்தில் இறங்கியபோது நீ செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடியதையும் சொல்லி அழுதாய். போலீசில் மட்டும், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றாய். நான் போய்ச் சொன்னால் கேள்விப்பட்ட கதை என்று தள்ளிவிடுவார்களாம்.

அந்த விரல்களைப் புல்லில் தேடிப் பொறுக்கியவள் நான். முந்தானையில் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உன் கால் படத்தைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டுகிறது. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. காவடி எடுக்கிற மாதிரி உடம்பை வருத்திக் கடனைக் கழித்துவிடலாம் என்று நினைக்கிறாய். நான் சாமி இல்லை தேவா. உன் காலையும் ரத்தத்தையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு உன் வாய்தான் வேண்டும்.

ஷங்கர் செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாளைத் தீட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ரூபன் வெளியே வந்தால் வெட்டுவேன். சும்மா மிரட்டுவதாக நினைக்காதே. உலைத் தண்ணீரை ஊற்றியவள்தான் நான். அப்புறம் நானும் உள்ளே போய்விடுவேன், ரோகினிக்கு அண்ணனும் இல்லை அம்மாவும் இல்லை. இதைத் தட்டமாட்டேன் என்று அவள் எழுந்துபோய் அழுதுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தாள்.

ஒன்றை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. கோபத்தில்தான் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் என் மடியில் கிடந்தபோது ஷங்கருக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது. "தேவன் ஓடிட்டானாம்மா?" என்று கேட்டான். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, ஓடிட்டான்ப்பா என்று சொல்லிவைத்தேன். "நல்லது லாம்மா" என்றான். யார் வெட்டியது என்று கேட்டேன். அதற்குள் அவனுக்கு நினைவு போய்விட்டது.

அன்றைக்கு நீ ஓடியது சரிதான். நின்றிருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும். ஆனால் அதற்கப்புறம் நீ நிற்கவே இல்லையே. இப்போது வந்து சொன்னாலும் எடுத்துக்கொள்வோம், உனக்குக் காவலும் போடுவோம் என்று வக்கீலம்மா சொல்கிறார். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயம்தான்.

பாதியில் விட்டுவிட்டு வராதே, ஓடி முடி. நீ வருகிற விமானம் எங்கள் வீட்டுக்கு மேலே தாழ்ந்துதான் இறங்கும். அன்றைக்கு நான் வாசலில் நிற்பேன். செருப்புப் போட முடியாவிட்டால் வெறுங்காலோடு வா, சாட்சிக் கூண்டு வரைக்கும் நான் தாங்கிக் கூட்டிப்போகிறேன். எல்லாம் முடிந்ததும் கட்டிலுக்கடியில் இருக்கிற அரிவாளை நீயே எடுத்துக்கொண்டுபோய் லிங்கி ஆற்றில் போட்டுவிடு, அப்பா.

உன் கால் சீக்கிரம் ஆறட்டும். முருகன் உன் நாக்கில் இருக்கட்டும்.

வாசலில் காத்திருக்கும்,
ஷங்கரின் அம்மா
பஞ்சாலை