முழங்காலில் ஒரு கப்பி

30.08.2008, சனிக்கிழமை

இன்றோடு நாற்பது நாள் நிறைவுற்றது. ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, காலை 11.20 மணிக்கு, படகுத்துறையில் விழுந்து உடைந்த இடது முழங்கால் சில்லைக் கம்பியால் கட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் பிசகாமல் காலை நீட்டியே வைத்திருந்தேன். பதினைந்தாம் நாளே மெல்ல மடக்கத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னதுண்டு. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது, ஒருவர் மௌத்தாகிப் போன வீட்டுக்கு நாற்பது. எலும்புக்கு மட்டும் பதினைந்தா? பூசிய சுவரை ஈரத்தோடு தட்டிப் பார்ப்பவர் உண்டா? இவ்வளவு ஒழுங்கான நோயாளி பழவேற்காட்டில் வேறொருவர் இருக்க முடியாது.

03.09.2008, புதன்கிழமை. நோன்பு 2

பொன்னேரி சென்றேன். கால்களைப் பழக்கிவிடும் பிசியோதெரபிஸ்ட் பெயர் விக்டோரியா. வயது முப்பதுக்குள். அட்டையில் ‘பக்கீர் முகம்மது, 71’ என்று எழுதினாள். எழுபது வருடம் பத்து மாதம் என்று திருத்தினேன். நாடாவால் தொடைகளை அளந்தாள். வலது 43 சென்டிமீட்டர், இடது 38. முழங்கால் மடங்கியது முப்பது டிகிரி.

“இன்னா பாய், இத்தினி நாளா காலை பீரோல வெச்சு பூட்டிட்டீங்களா?”

நாற்பது நாள் விவரத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எலும்பு நல்லா ஒட்டிகினு கீது பாய். சதைதான் வேலையில்லாம இளைச்சுப் போச்சு.”

எலும்பு தானாக அசையாதாம். தசை இழுத்தால்தான் அசையும். தசைக்கோ இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே முன்தொடைத் தசை காலை நீட்டுகிறது, பின்தொடைத் தசை மடக்குகிறது; ஒன்று இழுக்கையில் மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். சில்லு எதற்கு என்று கேட்டேன். முன்தொடைத் தசைநாண் அதன் மீது ஏறி இறங்குவதால், அதே பலத்துக்குக் கூடுதல் இழுப்பு கிடைக்கிறதாம்.

கப்பி! நாற்பத்தொரு வருடம் படகுகளுக்குக் கயிறும் கப்பியும் விற்றவன் நான். கயிறு தள்ளாது என்பது எனக்குத் தெரியாதா? உருளாத கப்பி துருவேறும் என்று எத்தனை பேரைக் கடையில் நிறுத்தி ஏசியிருப்பேன் — என் முழங்காலில் இருப்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்ய எத்தனை டிகிரி வேண்டும் என்று கேட்டேன். உட்கார்ந்து எழ ஒரு நூற்று நாற்பதாவது வேண்டும் என்றாள். வாக்குக் கொடுக்க மறுத்தாள். நல்ல பெண்.

17.09.2008, புதன்

52 டிகிரி. வலியைப் பற்றி எழுதப்போவதில்லை.

02.10.2008, வியாழக்கிழமை. நோன்புப் பெருநாள்

தொழுகைத் திடலில், வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுதேன். தொழுகை முடிந்ததும் என் மனைவி பீவி ஜானின் தம்பி சஹாபுதீன், எல்லார் காதிலும் விழும்படி, “இன்னா மச்சான், நாற்காலில உக்காந்துகினு கலெக்டர் கணக்கா கீறீங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் பிரியாணி இறங்கவில்லை. எல்லாருடைய நெற்றியும் மண்ணில். என் நெற்றி மட்டும் காற்றில். யாரைக் குறை சொல்றது? டாக்டர் சொன்னாரே, சொன்னாரே... நானே கெடுத்துக்கினேன். இதை பீவி ஜானிடமும் சொல்லவில்லை.

20.10.2008, திங்கள்

கணுக்காலில் பாரம் கட்டிக் காலை நீட்டப் பழகச் சொல்லியிருக்கிறாள். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கடைத் தராசில் நிறுத்துக் கட்டினேன். சரியாக ஒரு கிலோ. விக்டோரியா மணல் பையைத் தோராயமாகக் கட்டுகிறவள்; புதனன்று இதைச் சொல்லிக்காட்ட வேண்டும்.

14.11.2008, வெள்ளி

118 டிகிரி. ஒன்பது நாளாக இதே எண்.

பீவி ஜான் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, “போதும் உடுங்களேன். நாற்காலில தொழுதா அல்லா ஏத்துக்க மாட்டானா?” என்றாள்.

ஏற்றுக்கொள்வான். எனக்குத்தான் ஏற்கவில்லை.

03.12.2008, புதன்

மழையால் போன வாரம் பொன்னேரி செல்ல இயலவில்லை. வீட்டிலேயே நாளுக்கு நான்கு வேளை செய்தேன். இன்று 141. இடது தொடை 41½ சென்டிமீட்டர். விக்டோரியா நாடாவை இரண்டாம் முறை சுற்றிப் பார்த்தாள். “நீங்க செஞ்சதுதான் பாய், நான் வெறும் அளவு எடுத்தேன்” என்றாள். அதை மறுக்கும் எண்ணம் எனக்கில்லை.

09.12.2008, செவ்வாய்க்கிழமை. பக்ரீத்

எதற்கும் இருக்கட்டும் என்று பீவி ஜான் ஆட்டோவில் நாற்காலியை ஏற்றி அனுப்பினாள். அதை மடித்தபடியே சுவரோரம் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றேன். தொழுகையில் வேறு நினைவு கூடாது; ஆயினும் முதல் ரக்அத்தின் சஜ்தா முடிந்து எழுகையில், இடது தொடையில் கயிறு இறுகுவதையும் கப்பி ஏறுவதையும் அறிந்தேன். ஒருவர் தோளையும் பிடிக்கவில்லை. மொத்தம் நான்கு சஜ்தா. திடல் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கட்டித் தழுவி வாழ்த்திய பிறகு சஹாபுதீன் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான், அந்தப் பொன்னேரிப் பொண்ணு இன்னா கிழமை இருக்கும்? எனக்கும் முட்டி புட்ச்சிக்கினே கீது.”

“புதன், வெள்ளி. காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்குப் போகாதே. அவங்க பதினைஞ்சு நாள்னா பதினைஞ்சு நாள்தான். நீயா கூட்டாதே. நான் கூட்டினேன்.”

“நீங்களா? நாள் கணக்குலயா தப்பு பண்ணீங்க?”

“நானேதான்.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தானே தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தான்.

நெற்றியில் ஒட்டிய மண்ணை வழியில் துடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பீவி ஜான் பார்த்த பிறகு, 10.05 மணிக்குத் துடைத்தேன்.