சிவப்பனுக்கு நான் போட்ட சட்டம்

உன் மகள் நேற்று நம் குதிரை சிவப்பனின் சேணத்தைக் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். சாக்கைப் பிரித்ததும் பழைய தோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த வாடை, நல்லமிளகு மூட்டைகளையும் தாண்டி மூக்கில் ஏறியது. அழுகை வருமென்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. செத்தவனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பார்கள். நான் பிடிக்கத்தான் போகிறேன்.

சிவப்பனை நான் ஆசைக்கு வாங்கவில்லை. வெள்ளறடைக்கு மேலே மலைத்தோட்டங்களில் மிளகு பறிக்கும்போது, மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் போய் நின்று விலை பேச வேண்டும். வண்டி ஏறாத பாதை. திருவனந்தபுரத்தில் ஒரு குதிரை லாயத்தைக் கலைத்தபோது, சீமைக் கலப்பில் பிறந்த இந்த நாலு வயதுக் குதிரை ஏலத்துக்கு வந்தது. அங்கே எட்டு வருடம் சவாரிக்காரனாக இருந்த நீயும் வேலை போய் நின்றாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். குதிரையையும் உன்னையும் சேர்த்தே பாறசாலைக்குக் கூட்டி வந்தேன்.

லேசுப்பட்ட மிருகமா அது? ஓடையைத் தாண்டச் சொன்னால் பூனை மாதிரித் தாண்டும். இடப்பக்கம் ஆள் நின்றால் கடிக்கும். வயிற்றுவாரை இறுக்கினால் மூச்சை இழுத்து வயிற்றை ஊதிக்கொள்ளும். கடிவாளத்தைப் பிடித்து இழுத்தால் பின்காலில் எழுந்து நிற்கும். நான் அவசரக்காரன். "ஏறி ரெண்டு சாட்டை போடுலே, வழிக்கு வரும்" என்றேன்.

நீ சிரித்தாய். "எலே, இது உனக்க மொளவு மூட்டை இல்ல, தூக்கிப் போட. வாயை இழுத்தா சண்டைக்கு வரும். ஏறுதவனுக்க இடுப்பைக் கொண்டாக்கும் இதை நிறுத்தணும்."

இரண்டு மாதம் நீளக் கயிற்றில் வட்டம் சுற்றவிட்டாய். வாரை நாளுக்கு ஒரு துளையாக இறுக்கினாய். பிறகு ஏறி உட்காராமல், முதுகின் குறுக்கே வெறுமனே படுத்துக் கிடந்தாய். லாயத்தில் அது பிறந்த நாள்முதல் கேட்டு வளர்ந்த மலையாளத்தில் பேசிக்கொண்டே இருப்பாய்: "சாரமில்லடா மோனே, சாரமில்ல." ஒன்றுமில்லடா மகனே என்று. காது உன் பக்கம் திரும்பும், கழுத்து தணியும். நாலாம் மாதம் அதன்மேல் உட்கார்ந்து, கடிவாளம் தொய்ந்து கிடக்க, என் களத்தில் எட்டுப் போட்டு நடத்தினாய். கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

எல்லைப் போராட்டம் கொதித்த சமயம் அது. தமிழ்த் தாலுக்காக்கள் சென்னையோடு சேர வேண்டுமென்று ஊர்தோறும் கூட்டம். நானும் கமிட்டியில் இருந்தேன். ஒருநாள் கமிட்டிக்காரர்கள் களத்துக்கு வந்தார்கள். நீ குதிரையிடம் மலையாளம் பேசுவதைக் கேட்ட ஒருவர், "என்னவே, உம்ம குதிரை மட்டும் அந்தப் பக்கமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. "இனி இதுக்குத் தமிழ்தான். ஊர்வலத்துக்கும் இதுதான் முன்னால போவும்" என்றேன்.

ஆள் முன்னால் சம்பளம் கொடுக்கிறவனை மறுத்துப் பேசக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாய். "செரி, மொதலாளி" என்றாய். அவர்கள் போன பிறகாவது என்னைத் திட்டுவாய் என்று பார்த்தேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "வாக்கு சொல்லியாச்சுல்லா" என்று முடித்துவிட்டாய்.

மூன்று வாரம் அதனிடம் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிப் பார்த்தாய். காதைப் பின்னால் ஒட்டவைத்தபடியே நடந்தது. ஊர்வலத்தன்று கோஷமும் தப்பட்டையும் கூட்டமும். யாரோ ஒருவன் அதன் கண்ணுக்கு நேரே கொடியை விரித்தான். குதிரை பின்வாங்கத் தொடங்கியது. நாலடி முன்னால் நின்ற நான் திரும்பினேன். உன் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தாய். மூடிக்கொண்டாய். பிறகு "மெல்ல" என்றாய். சிவப்பன் நேராக எழுந்தது. கடிவாளத்தைப் பற்றித் தொங்கியிருந்தால் குதிரை உன்னோடு மல்லாக்கச் சரிந்திருக்கும். நீ கையை விட்டாய். குதிரை தப்பியது. உன் இடுப்பு ரோட்டோரக் கலுங்குப் பாலத்துக் கல்லில் அடித்து உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கத்தினேன்: "சாரமில்லன்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சா என்னலே?"

"ஆளெல்லாம் கேட்டுட்டு நிக்கியதுல்லா. உனக்குக் கொறச்சலாக்கும்."

எனக்குக் கொறச்சல்! அதற்கு உன் இடுப்பா விலை?

நீ அதன்பிறகு குதிரை ஏறவில்லை. அது வேறு யாரையும் ஏற்றவில்லை. நான் ஏறிப் பார்த்து இரண்டு பல்லை விட்டேன். கடைசியில் காட்டாக்கடைப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்கு விற்பதென்று முடிவுசெய்து உன்னிடம் வந்தேன். வேண்டாம் என்பாய், கம்பூன்றி நின்றாவது இன்னொருவனை ஏற்றிப் பழக்குகிறேன் என்பாய் என்றுதான் வந்தேன். அதற்கும் "செரி" என்றாய். உன்னை அடக்கம் செய்த அன்றுதான் உன் மகள் சொல்கிறாள், அந்தக் குதிரை சாகும்வரை ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கம்பும் கையுமாகக் காட்டாக்கடைக்குப் பஸ் ஏறினாயாம். பாவி, என்னிடம் ஒரு சொல் சொன்னாயா?

எல்லைக்கோடு போட்டார்கள். நம் ஊர் இருந்தபடியே மலையாளப் பக்கம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து கடையில் பாதி நேரம் மலையாளத்தில்தான் பேரம் பேசுகிறேன். ஒரு கொறச்சலும் வந்துவிடவில்லை.

போன வாரம் ஈரம் காயாத மிளகை லாரியில் ஏற்றச் சொன்னேன். சுமட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்து நிற்க, கணக்குப்பிள்ளை "மொதலாளிக்கு மண்டை கொழம்பிப் போச்சா? போய்ச் சேரதுக்குள்ள பூசணம் பிடிச்சிரும்" என்றான். உடம்பெல்லாம் எரிந்தது. மூட்டைகளை இறக்கச் சொன்னேன். நீ விழுந்த பிறகு இப்படி வாய் நீண்டவர்களைத் தேடித்தான் வேலைக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை அவர்கள் மறுத்துப் பேசும்போதும் உன்மேல்தான் கோபம் வருகிறது, எலே. அந்தக் கணக்குப்பிள்ளை வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் என் சிநேகிதனும் இல்லை. அவனுக்கு முடிந்தது.