இறந்தோர் பட்டியலின் நாற்பத்தேழாவது பெயர்

அனுப்புநர்:
கந்தையா வல்லிபுரம்,
முன்னாள் இரண்டாம் நிலை எழுத்துக் கிராணி, சரக்குப் பதிவுக் காரியாலயம்,
உத்தியோகத்தர் குடியிருப்பு, கதவு எண் 14,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
சயாம் சென்றோர் பதிவு அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: சயாம் ரயில் பாதை வேலையில் இறந்தோர் பட்டியலில் 47ஆம் இலக்கத்தில் உள்ள என் பெயரை நீக்கி, உண்மையில் இறந்தவரின் பெயரைச் சேர்க்கக் கோருதல்.

பார்வை: தங்கள் காரியாலயத்திலிருந்து என் மனைவிக்கு வந்த 24.10.1945 தேதியிட்ட அனுதாபக் கடிதம்.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் உயிருடன் இருக்கிறேன். தங்கள் பட்டியலில் நான் 22.8.1943 அன்று சயாமில் வாந்திபேதி கண்டு இறந்ததாக எழுதியிருப்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் உள்ள தேதி சரி. நோயும் சரி. ஆள்தான் வேறு. இறந்தவர் கிள்ளானைச் சேர்ந்த பக்கிரிசாமி, வயது இருபத்தொன்பது.

2. தங்கள் அனுதாபக் கடிதம் வந்தபோது நான் வீட்டின் பின்புறம் விறகு பிளந்துகொண்டிருந்தேன். என் மனைவி நேசம்மா அதைப் படித்துவிட்டு வெளியே வந்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் செத்துப்போனதெண்டு கடுதாசி வந்திருக்கு" என்றாள். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. நானும் கோடரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். கடைசி மாதங்களில் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வேலைக்கு வந்தவர் என்று அதில் என்னைப் பாராட்டியிருந்தது. ஐயா, என் பதினொரு வருஷ உத்தியோகத்தில் நான் வாரத்துக்கு இரண்டு நாளாவது தாமதமாகப் போனவன். அந்தப் பாராட்டும் பக்கிரிசாமிக்கு உரியது.

3. இந்தத் தவறு நேர்ந்த விதம் பின்வருமாறு. பதினொரு வருஷம் நான் சரக்குச் சீட்டு எழுதினேன். எத்தனை மூட்டை, எங்கே ஏற்றியது, எங்கே இறக்குவது. அவ்வளவு காலமும் மனத்தில் ஒரு நாவல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிப் பார்ப்பேன். திங்கட்கிழமை எடுத்துப் படித்தால் அதுவும் சரக்குச் சீட்டு மாதிரியே இருக்கும். வேலையை விட்டு முழுநேரமும் உட்கார்ந்தால்தான் எழுத்து வரும் என்று நம்பினேன். ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு உயிரைக் கையில் பிடித்திருந்த 1943இல்தான் இந்த ஆசை எனக்கு முற்றியது. இதற்கு என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. நாளைக்கு இருப்போமா என்ற பயம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகப் பிடித்தது. என்னை இப்படிப் பிடித்தது.

4. ஜப்பானியர் காலத்தில் கிராணிகளுக்கு லீவு கிடையாது. ஆனால் எங்கள் காரியாலயத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. காலையில் ஜப்பானிய மேலாளர் வந்து நாற்காலிகளை எண்ணுவார். நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும். ஆளின் சட்டையில் பெயர் எழுதிய துணி குத்தியிருக்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே கையொப்பம் இருக்க வேண்டும். முகத்தை அவர் பார்ப்பதில்லை. ஆகவே யாருக்காவது நோய் என்றால் வேறொருவர் அவருடைய பெயர்த்துணியைக் குத்திக்கொண்டு, அவர் பெயரிலேயே கையொப்பமிட்டு, அவர் நாற்காலியில் உட்காருவார். தலைமைக் கிராணி சிவசம்பு அவர்கள் இதைத் தெரிந்தும் தெரியாதது போல இருந்தார். அவர் சென்ற வருஷம் மலேரியாவில் காலமானார். அவர்மீது குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

5. எனக்கு நோய் எதுவும் இல்லை. நாவல் எழுத மூன்று மாதம் வேண்டும் என்று சிவசம்பு அவர்களிடம் சொன்னேன். அவர், "உமக்கு விசர் பிடிச்சிருக்கு" என்றார். பிறகு, ஆளைக் கொண்டுவந்தால் ஆட்சேபம் இல்லை என்றார்.

6. நான் கொண்டுவந்த ஆள்தான் பக்கிரிசாமி. யுத்தத்துக்கு முன் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தவர். குண்டு விழுந்தபின் வேலையில்லாமல் இருந்தார். ஆறாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தவர். என்னைவிட அழகாக எழுதுவார். என் உத்தியோகத்துக்கு உரிய அரிசிப் பங்கு முழுவதையும் அவரே எடுத்துக்கொள்வது என்று பேச்சு. நாவல் என்றதும் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "நீங்க நிம்மதியா எழுதுங்க கிராணி, நாற்காலிய நான் பாத்துக்கிறேன்" என்றார். என் சட்டையிலிருந்து பெயர்த்துணியைப் பிரித்து அவர் சட்டையில் தைத்துக் கொடுத்தவள் நேசம்மா. குத்தினால் கழன்று விழுந்துவிடும் என்று இறுக்கித் தைத்தாள். அதை அவள் இன்றுவரை சொல்லிச் சொல்லி வருந்துகிறாள்.

7. 1.3.1943 முதல் நான் கிள்ளானில் ஜனாப் கௌஸ் அவர்களின் துணிக்கடை மாடியில் தங்கி எழுதினேன். விற்கத் துணி இல்லாததால் மாடி காலியாக இருந்தது. காகிதம், நான் காரியாலயத்திலிருந்து எடுத்துச் சென்ற பழைய சரக்குச் சீட்டுகள். எரிப்பதற்காக ஒதுக்கியவை என்றாலும், அனுமதி பெறாமல் எடுத்தேன். இதையும் குற்றமாகப் பதிந்துகொள்ளலாம். அவற்றின் பின்புறத்தில்தான் நாவல் முழுவதும் இருக்கிறது. கிராணிப் பழக்கம் விடாததால் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் நான்கையும் குறித்தேன். வருஷத்தை ஜப்பானியர் கணக்கில் 2603 என்றும், நேரத்தை டோக்கியோ நேரப்படியும் போட்டிருக்கிறேன். காரியாலயப் பதிவேடும் அப்படித்தான். இது பின்னால் உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

8. அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். மனுவில் எழுதத் தக்கதல்ல என்றாலும் இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

9. மே மாதக் கடைசியில் நாவல் முடிந்தது. முடிவை வாசித்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்களையும் மறுபடி எழுதத் தீர்மானித்து, இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளும்படி பக்கிரிசாமிக்கு ஒரு சீட்டு அனுப்பினேன். அவர் அதே சீட்டின் கீழே, "ஆகட்டும் கிராணி" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

10. 9.6.1943 காலை ஒன்பதரை மணிக்குக் காரியாலயத்தில் சயாம் பட்டியல் வாசிக்கப்பட்டது. முகாம்களில் ஆள்கணக்கு எழுதக் கிராணிகள் தேவையென்று ஆறு பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். வல்லிபுரம் என்று வாசித்தபோது பக்கிரிசாமி எழுந்து நின்றார். தான் வல்லிபுரம் அல்ல என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் சிவசம்பு அவர்களையும் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. மத்தியானமே லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

11. அந்த நேரத்தில் நான் எழுதியது 296ஆம் தாள். காலை 9.10 முதல் 10.25 வரை. கதாநாயகியின் கல்யாணப் பந்தி. பசி அதிகமாக இருந்ததால் பாயசத்துக்கே நாலு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

12. 15ஆம் தேதி நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு காரியாலயத்தின் பின்வாசலுக்கு வந்தேன். சிவசம்பு அவர்கள் என்னைக் கண்டதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "வல்லிபுரம், நீர் சயாமுக்குப் போயிட்டீர். இஞ்சை நிக்காதையும்" என்றார். நான் திரும்பினேன். போய் உண்மையைச் சொன்னால் என்னையும் அனுப்புவார்களே தவிர பக்கிரிசாமியைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரிதானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. யுத்தம் முடியும்வரை காப்பாரில் ஒரு தோட்டத்து மூலையில் மரவள்ளி போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தேன். இங்கே அக்கம்பக்கத்தார், புருஷன் சயாமுக்குப் போய்விட்டான் என்று நேசம்மாவுக்கு இரக்கப்பட்டுக் கிழங்கும் கீரையும் கொடுத்தார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள். அந்த இரண்டேகால் வருஷத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத் தோன்றவுமில்லை.

13. பக்கிரிசாமியுடன் அதே லோரியில் போன டிரைவர் உமர் சென்ற அக்டோபரில் திரும்பி வந்தார். பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அவர் என்னிடம் வந்தார். என் பெயரை மறுபடி கேட்டார். சொன்னேன். சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "எங்க முகாம்ல அவரு பேரு வல்லிபுரம்தான். பேர் கூப்பிட்டா டக்குன்னு எழுந்திரிப்பாரு. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட வேற பேரு சொல்லலை. நாங்க குழியில எறக்குறப்பவும் வல்லிபுரம்னு சொல்லித்தான் எறக்கினோம்." உமரின் வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. படுத்திருந்த கடைசி நாட்களில், "கிராணி முடிச்சிருப்பாரு இந்நேரம்" என்று பக்கிரிசாமி அடிக்கடி சொன்னாராம். யார் எதை முடித்திருப்பார் என்பது உமருக்கு அப்போது விளங்கவில்லை.

14. இப்போது பக்கிரிசாமியின் மனைவி பவுனம்மாளின் நிலையைத் தெரிவிக்க வேண்டும். தன் புருஷன் என்ன ஆனார் என்று கேட்டு அந்த அம்மாள் கிள்ளானிலிருந்து மூன்று முறை தங்கள் காரியாலயத்துக்கு வந்திருக்கிறார். அந்தப் பெயரில் யாரும் சயாமுக்கு அனுப்பப்படவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் கிடைத்தது. பதிவேட்டின்படி அது சரியான பதில். தங்கள் சிப்பந்திகள்மேல் தவறில்லை. ஆனால் பக்கிரிசாமியின் அண்ணன்மார், தம்பி எவளையோ கூட்டிக்கொண்டு ஈப்போ பக்கம் ஓடிவிட்டான் என்று பேசுகிறார்கள். கருமாதி செய்யவும் மறுக்கிறார்கள்.

15. நான் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். உமர் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வந்துடுவாருன்னு அன்னைக்குச் சொன்னதும் நீங்கதான். செத்துட்டாருன்னு இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான்" என்றார். உண்மைதான். 1943 மார்ச்சில் பக்கிரிசாமியைக் கூட்டிப் போனபோது அவருக்கு அப்படி வாக்குக் கொடுத்தவன் நானே. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருக்காருன்னா பொட்டு வச்சுக்கிறேன். இல்லைன்னா அழிச்சிடறேன். எதுன்னு ஒரு காகிதத்துல எழுதி வாங்கிக் குடுங்க கிராணி. உங்க வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம்."

16. ஆகவேதான் இந்த மனு. எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும். தாங்கள் உத்தரவு கொடுத்தபின் பவுனம்மாளுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டியிருப்பதால் தமிழில் எழுதினேன்.

17. சாட்சியம் போதாது என்ற ஆட்சேபம் எழலாம். சிவசம்பு அவர்கள் இல்லை. உமருக்கு வல்லிபுரம் என்ற பெயரைத் தவிர வேறு தெரியாது. கௌஸ் அவர்கள் நான் மாடியில் இருந்ததைச் சொல்லுவார். ஆனால் தேதி நினைவில்லை என்கிறார். மீதி இருப்பது நாவல் மட்டுமே. 311 தாள்கள். காரியாலயப் பதிவேட்டில் வல்லிபுரம் என்று காலை ஒன்பது மணிக்குக் கையொப்பம் இருக்கும் ஒவ்வொரு வேலை நாளிலும், மே மாதக் கடைசிச் சில நாட்கள் நீங்கலாக, இருபது மைலுக்கு அப்பால் கிள்ளானில் அதே நேரத்தில் வல்லிபுரம் எழுதிய தாள் இதில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்திருக்க முடியாது. கையெழுத்தையும் ஒப்பிடலாம். பதிவேட்டில் திருத்தமாக, வளைவு சுத்தமாக இருப்பது அவருடையது.

18. முதலில் பத்துத் தாள்களை மட்டும் அனுப்ப நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு தேதி குறைந்தாலும் அந்த ஒரு தேதியைக் காட்டி மனுவைத் தள்ளிவிடக்கூடும் என்று தோன்றியது. முழுவதையும் அனுப்புகிறேன். வேறு பிரதி கிடையாது. அரசாங்க ஆவணமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளலாம்; தாள்களின் மறுபக்கம் ஏற்கெனவே அரசாங்கத்துடையதுதான். கதையை யாரும் படிக்க வேண்டியதில்லை. தலைப்பில் உள்ள தேதியும் நேரமும் போதும்.

19. வேலைக்குப் போகாமல் போனதாகக் காட்டி ஏமாற்றியதற்காக என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. உத்தியோகம் திரும்பக் கோரி நான் செப்டம்பரில் கொடுத்த விண்ணப்பத்தை ரத்து செய்துவிடலாம். பட்டியலின் மொத்த எண்ணிக்கையைத் தாங்கள் மாற்றவேண்டி வராது என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன். ஓர் ஆள்தான் இறந்தது. 47ஆம் இலக்கத்துக்கு எதிரே உள்ள பெயரை அடித்துவிட்டு, பக்கிரிசாமி, கிள்ளான் என்று எழுதி, அதன் பிரதி ஒன்றை முத்திரையுடன் பவுனம்மாளுக்குக் கொடுத்து உதவும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தபாலில் அனுப்ப வேண்டாம். அந்த அம்மாள் இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து தங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். பச்சைச் சேலை. நெற்றியில் பொட்டு இருக்கும்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
தேதி: 3.12.1945

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) க. வல்லிபுரம்

இணைப்புகள்:
(அ) தங்கள் அனுதாபக் கடிதம். உரியவருக்குச் சேர வேண்டித் திருப்பி அனுப்பப்படுகிறது.
(ஆ) டிரைவர் உமரின் வாக்குமூலம்.
(இ) 30.5.1943 தேதியிட்ட சீட்டு. மேலே என் கையெழுத்து. கீழே "ஆகட்டும் கிராணி" என்பது பக்கிரிசாமியின் கையெழுத்து. ஒப்பிட்டபின் இதை மட்டும் பவுனம்மாளிடம் கொடுக்கவும்.
(ஈ) நாவல், 311 தாள்கள். 287ஆம் தாள் முதல் இரண்டாம் முறை எழுதியவை. முதலில் எழுதிய முடிவை, அந்தத் தாள்களின் தேதிகளோடு, நான் கிழித்துவிட்டேன். அந்த முடிவே போதுமானதாக இருந்தது.