பின்னுக்குச் சாயாமல்

ஏப்ரல் 3, வியாழன்
இன்று கரைவலை இழுப்பு இல்லை. ஆலங்குடா ஹோட்டலில் வில் பழகப் போனேன். விருந்தினருக்கு அம்பு விடச் சொல்லிக்கொடுக்க இந்த சீசனுக்கு ஓராள் எடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்தால் அல்பிரட் மச்சானோடு முல்லைத்தீவுக்கு மீன் தொழிலுக்குப் போகத் தேவையில்லை. போன வருடம் மாதக்கணக்கில் அங்கே நின்றுவிட்டு வந்தபோது சின்ன மகள் கத்தரினா என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். இனி அப்படி வேண்டாம்.

ஆகப் பாரமான வில்லைக் கேட்டு வாங்கினேன். வலை இழுக்கிற கை அல்லவா! நாண் அறைந்து முழங்கை கன்றிப் போயிருக்கிறது.

ஏப்ரல் 5
பழக்குகிறவர் நிஃப்லா மிஸ், புத்தளத்துப் பிள்ளை. சிறுபிள்ளைகளின் வில்லைக் கையில் தந்தார். வெட்கமாக இருந்தது. "அண்ணன், பின்னுக்குச் சாயாதீங்க. ரெண்டு காலிலயும் பாரம் ஒண்டுபோல இருக்கணும். இது வலை இல்ல."

கயிற்றைப் பிடித்தால் தானாகச் சாய்கிற உடம்பு. நான் என்ன செய்ய? அம்பு இலக்குக்கு மேலால் பறந்து தாழைப் பற்றைக்குள் விழுகிறது.

ஏப்ரல் 9
பற்றைக்குள் அம்பு தேடியே பொழுது போனது.

ஏப்ரல் 12
மிஸ் சொன்னதையெல்லாம் வீட்டில் நிலானியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியை என் வலது விலாவோடு நட்டுப் பிடித்தாள். நான் வில்லுக்குப் பதில் சைக்கிள் டியூபை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். சாய்ந்தால் தடி இடிக்கும். இடிக்க முன்னமே அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். "இடுப்புப் போகுது... தோளத் தூக்காதீங்க... நாடிய நீட்டாதீங்க, நாண நாடிக்குக் கொண்டு வாங்க." என் பெண்சாதியா, பள்ளிக்கூட சிஸ்டரா?

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு
பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மச்சான் பிடித்துக்கொண்டார். "வாற கிழமை வெளிக்கிடுறம். வாறியா, இல்லாட்டி வில்லால மீன் பிடிக்கப் போறியா?" சனிக்கிழமை ஹோட்டலில் ஆள் எடுக்கிற சோதனை, அது முடிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 26, சனி
நிமிர்ந்துதான் நின்றேன். ஒன்றைத் தவிர எல்லா அம்பும் இலக்கில். அதன் பிறகு, வேலை கேட்டு வந்த எங்களை ஆளுக்கொரு விருந்தினரைப் பழக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் விட்டதெல்லாம் பற்றைக்குள். என்ன பிழை என்று எனக்குத் தெரியவே இல்லை!

எனக்குச் சோறு கொண்டுவந்த நிலானி வேலிக்கு அப்பால் நின்று, "தோள் ஏறுது!" என்று கத்தினாள். அந்தப் பெண் விளங்காமல் திரும்பிப் பார்க்க, நிலானி தன் தோளை இறக்கிக் காட்டினாள். அடுத்த அம்பு இலக்கின் நடு மஞ்சளில். நிஃப்லா மிஸ் என்னைப் பார்க்கவில்லை. "அக்கா, உள்ளுக்கு வாங்க" என்றார்.

ஏப்ரல் 27
வேலை நிலானிக்கு.

கோபமா? ஓம், காலையில் இருந்தது. அவள் தந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். நாண் அடி வாங்கினது நானெல்லோ — பற்றைக்குள்ள தவழ்ந்தது நானெல்லோ! பின்னேரம் அவள், "அப்ப வேணாம் எண்டு சொல்லவா?" என்று கேட்டாள். முகம் வாடியிருந்தது. அவள் வேலைக்குப் போனால் வீட்டில் ஓராள் நிற்கத்தானே வேண்டும்? அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. "நீ போ" என்றேன். உடனே மச்சானுக்குப் போன் எடுத்து, நான் வரவில்லை என்றேன்.

மே 30
பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்க வந்தவர்கள், இன்று காற்று இல்லை என்று எல்லோரும் வில்லுக்கு வந்துவிட்டார்களாம். நிலானி வரப் பிந்தும். நான் பாரைக் கறி வைத்தேன். கத்தரினா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, புளி கூட. நாளைக்குக் குறைச்சுப் போடுங்க" என்றாள்.

நாளைக்குக் குறைத்துப் போட வேண்டும்.